எல்இடி லைட் கண்ணைக் கூசுதா? பல்பை மாற்றும் முன் கவரைக் கொஞ்சம் பாருங்க!

பழைய ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியாச்சு. கரண்ட் செலவு குறைந்தது, ஹாலும் பளிச்சென்று ஆனது. ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் நெற்றிக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு பேசுகிறார்கள். "அந்த லைட்டை அணைச்சிட்டுப் பேசுப்பா" என்பது பல வீடுகளில் தினமும் கேட்கும் வசனம்.

உடனே நமக்குத் தோன்றுவது இரண்டு வழிகள். வாட்ஸ் குறைவான பல்பு வாங்குவது, இல்லையென்றால் வெள்ளை லைட்டை மாற்றி மஞ்சள் லைட் போடுவது. இரண்டுமே ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். பெரும்பாலான வீடுகளில் பிரச்னை பல்பில் இல்லை, அதன் முன்னால் இருக்கும் கவரில் இருக்கிறது. அந்தக் கவர் என்ன பொருள், எவ்வளவு அகலம், எந்த வடிவம் என்பதுதான் கண் கூசுமா கூசாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

எந்த அறைக்கு எந்தக் கவர் சரிவரும்? பேனல் லைட் பெட்டிகளில் போட்டிருக்கும் 'யூஜிஆர் 19' என்றால் என்ன? வீட்டிலேயே காகிதம் ஒட்டி மறைக்கலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

கண் கூச்சத்தில் இரண்டு வகை

விளக்கு வல்லுநர்கள் கண் கூச்சத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, பார்வையையே மறைக்கும் கூச்சம். எதிரே ஹைபீம் போட்டு வரும் லாரி இதற்கு நல்ல உதாரணம். ஒரு நொடி சாலையே தெரியாமல் போகும். கண்ணுக்குள் நுழையும் அளவுக்கு மீறிய ஒளி சிதறி, மற்ற காட்சிகள் மீது வெண்மையான திரை போல விழுவதுதான் காரணம்.

இன்னொன்று, தொந்தரவு தரும் கூச்சம். இதில் எல்லாமே தெரியும், படிக்கவும் முடியும். ஆனால் அரை மணி நேரத்தில் கண் களைத்துவிடும், நெற்றி சுருங்கும், சிலருக்குத் தலைவலி வரும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது கூடுதல் சிரமம். வீட்டில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பார்வை மறைவதில்லை என்பதால் "லைட்டுதான் காரணம்" என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பழி மொபைலுக்கும் டிவிக்கும் போய்விடுகிறது.

உங்கள் வீட்டில் நிலைமை எப்படி என்று பார்க்க கருவி எதுவும் வேண்டாம். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். எதிரே இருக்கும் காலண்டரைப் பாருங்கள். இப்போது உள்ளங்கையால் அந்த லைட்டை மட்டும் மறையுங்கள். மறைத்தவுடன் காலண்டர் எழுத்து தெளிவானால் அது முதல் வகை. எழுத்தில் மாற்றம் இல்லை, ஆனால் 'அப்பாடா' என்று இருந்தால் இரண்டாவது வகை. எந்த மாற்றமும் தெரியவில்லையா? பணத்தைச் செலவு செய்ய வேண்டாம், உங்கள் லைட் நன்றாகவே இருக்கிறது.

மொபைல் விளம்பரத்தில் வரும் 'நிட்ஸ்'தான் இங்கேயும்

புது மொபைல் வாங்கும்போது டிஸ்ப்ளே 500 நிட்ஸ், 1000 நிட்ஸ் என்று சொல்வார்கள் அல்லவா? ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்கான அளவு அது. லைட்டுக்கும் அதே அளவுதான். ஆனால் லைட் வாங்கும்போது யாரும் நிட்ஸ் கேட்பதில்லை. பெட்டியில் வாட்ஸும் லூமெனும்தான் இருக்கும்.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. நிட்ஸ் என்பது அந்த ஒளி எவ்வளவு பரப்பில் பரவி வெளியே வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு குடம் தண்ணீரைப் பூவாளியில் ஊற்றுவதற்கும், ஓஸ் பைப்பின் நுனியை விரலால் அழுத்திப் பீய்ச்சுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. தண்ணீர் அதேதான், ஆனால் மேலே படும்போது வலிப்பது பைப்பில் மட்டும்தான்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கவர் இல்லாத ஒரு எல்இடி சிப்பை எடுத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் சதுரம், 100 லூமென் ஒளி. கணக்குப் போட்டால் சுமார் 35 லட்சம் நிட்ஸ் வரும். நேராகப் பார்த்தால் கண்ணில் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான்.

பழைய 4 அடி, 36 வாட்ஸ் ட்யூப்லைட்டில் 2,500 லூமென் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குழாயின் மேற்பரப்பு சுமார் 8,000 நிட்ஸ். அதன் இடத்தில் இன்று மாட்டும் 20 வாட்ஸ் எல்இடி பேட்டனில் 2,000 லூமென், 3 சென்டிமீட்டர் அகலத்தில் தட்டையான கவர் என்றால்? சுமார் 17,000 நிட்ஸ். அதாவது மொத்த ஒளி குறைந்திருக்கிறது, ஆனால் பார்க்கும் பரப்பின் பிரகாசம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது!

இதற்குக் காரணம் எளிது. ட்யூப்லைட் குழாய் நாலாபக்கமும் ஒளிரும். பாதி ஒளி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வரும். எல்இடி பேட்டன் முன்பக்கம் மட்டும்தான் ஒளிரும். அத்தனை ஒளியும் ஒரு ஒடுக்கமான பட்டை வழியாகவே வந்தாக வேண்டும்.

இங்கேதான் கவரின் வடிவம் முக்கியமாகிறது. அதே பேட்டனில் தட்டைக் கவருக்குப் பதிலாக அரைவட்டமாகப் புடைத்த கவர் இருந்தால், ஒளி வெளியேறும் பரப்பு ஒன்றரை மடங்கு ஆகிறது. பிரகாசம் 11,000 நிட்ஸ் பக்கம் இறங்கிவிடும். அதே வாட்ஸ், அதே வெளிச்சம், அதே கரண்ட்.

இன்னொரு ஒப்பீடு. 8 இன்ச் வட்டப் பேனல், 1,500 லூமென் என்றால் சுமார் 15,000 நிட்ஸ். ஆபீஸ்களில் இருக்கும் 2 அடிக்கு 2 அடி பேனல், 3,600 லூமென் என்றால் சுமார் 3,200 நிட்ஸ்தான். இரண்டு மடங்குக்கும் அதிகமான வெளிச்சம் தரும் லைட், கண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு பிரகாசமாகவே தெரிகிறது. பெரிய லைட் கூசும், சின்ன லைட் கூசாது என்ற நம்பிக்கை அப்படியே தலைகீழ்.

எல்இடி வந்த பிறகு இது ஏன் அதிகமானது?

மண்ணெண்ணெய் விளக்கின் சுடரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கண் கூசாது. குண்டு பல்பு வந்தபோது கூசியது. உள்ளே இருக்கும் இழை அவ்வளவு மெல்லியது, அவ்வளவு பிரகாசமானது. அதனால்தான் கண்ணாடியின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கிய மங்கல் பல்புகள் வந்தன. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் மார்வின் பிப்கின் என்ற வேதியியலாளர் 1920-களின் நடுவில் அந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பிறகு ட்யூப்லைட் வந்தபோது பிரச்னை தானாகவே அடங்கியது, ஏனென்றால் குழாயே நீளமானது. நம் ஊரில் ட்யூப்லைட்டைக் கவர் எதுவும் இல்லாமல் சுவரில் மாட்டிப் பழகியது அதனால்தான்.

பிறகு எல்இடி. மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரி 5-ம் தேதி தொடங்கியது. அந்தத் திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் கொடுக்கப்பட்டன. விலையும் மளமளவென்று இறங்கியது. மின்சாரச் சேமிப்பு பெரிய லாபம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய ஃபிட்டிங்கிலேயே, பழைய பழக்கத்திலேயே புது லைட்டை மாட்டிவிட்டோம். கவர் என்ற ஒன்றை யோசிக்கவே இல்லை.

என்னென்ன கவர்கள் இருக்கின்றன?

கடையில் எல்லாவற்றையும் 'டிஃப்யூசர்' என்றே சொல்வார்கள். ஆனால் அதில் ஏழெட்டு வகை உண்டு, ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு.

முழுக்க ஊடுருவித் தெரியும் கிளியர் கவர், கூச்சத்தை எள்ளளவும் குறைக்காது. தூசி, மழைச்சாரல், பூச்சியிலிருந்து பாதுகாக்க மட்டும்தான் அது. கேட் லைட்டுக்கு ஓகே, ஹாலுக்கு வேண்டாம்.

ஃப்ராஸ்டட் எனப்படும் மங்கல் கவர் பாதி வேலை செய்யும். உள்ளே இருக்கும் எல்இடி புள்ளிகள் கொஞ்சம் கலங்கித் தெரியும், ஆனால் மறையாது. கவரைப் பார்த்தால் உள்ளே எத்தனை சிப் இருக்கிறது என்று எண்ண முடிந்தால், அந்தக் கவர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஓப்பல், அதாவது பால் வெள்ளைக் கவர். வீடுகளுக்கு அதிகம் பொருந்துவது இதுதான். உள்ளே நுழையும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடித்து, கவர் முழுவதையும் ஒரே சீராக ஒளிர வைக்கும். சிப் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இதற்கு விலையாகக் கொஞ்சம் ஒளியை இழக்க வேண்டும். கவரின் தடிமனையும் தரத்தையும் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைகூடப் போகலாம். நல்ல ஓப்பல் கவருக்கும் மட்டமான ஓப்பல் கவருக்கும் வித்தியாசம் இதில்தான். இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஒன்று ஒளியை விடும், இன்னொன்று விழுங்கும்.

ஓப்பலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. அது எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய அதே பிரகாசத்தில் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் இது பிரச்னையே இல்லை. லைட் தலைக்கு மேலே இருக்கும், நாம் அதைப் பார்க்கவே மாட்டோம். ஆனால் நீளமான ஹால், டியூஷன் சென்டர், அலுவலகம் போன்ற இடங்களில் தூரத்தில் இருக்கும் லைட்டுகள் எல்லாம் வரிசையாகக் கண் மட்டத்துக்கு அருகே இறங்கி வந்து நிற்கும். கடைசி பெஞ்சில் உட்காரும் மாணவர் போர்டைப் பார்க்க நிமிர்ந்தால், அவர் பார்வையில் ஆறு லைட்டும் சேர்ந்தே விழும்.

அந்த மாதிரி இடங்களுக்குத்தான் பிரிஸ்மாட்டிக் கவர். பழைய ஆபீஸ் லைட்டுகளில், சின்னச் சின்ன பிரமிடு அடுக்கியது போல மேடுபள்ளமாக ஒரு பிளாஸ்டிக் தகடு பார்த்திருப்பீர்களே, அதுவேதான். ஓப்பல் ஒளியைச் சிதறடிக்கும். இது ஒளியைத் திருப்பிவிடும். பக்கவாட்டில் தப்பித்துப் போய் யாரோ ஒருவர் கண்ணில் படவேண்டிய ஒளியை மடக்கி, கீழே மேஜை பக்கம் அனுப்பும். நேர் கீழே நின்று பார்த்தால் பிரகாசமாக இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் மங்கலாகத் தெரியும். நமக்குத் தேவையானதும் அதுதான். இதையே மிக நுண்ணிய அளவில் செய்தால் மைக்ரோ பிரிஸம். பிரிஸ்மாட்டிக் தகடு மட்டும் இருந்தால் எல்இடி புள்ளிகள் மினுமினுக்கும் என்பதால், தரமான பேனல்களில் உள்ளே ஒரு டிஃப்யூசர் ஷீட்டும் சேர்த்தே வரும்.

ஒரு விஷயம், பல எலக்ட்ரீஷியன்களே தவறவிடுவது. இந்தத் தகட்டில் வழவழப்பான பக்கம், மேடுபள்ளப் பக்கம் என இரண்டு உண்டு. பெரும்பாலான வகைகளில் மேடுபள்ளப் பக்கம் அறையை நோக்கி, அதாவது கீழ்நோக்கி இருக்க வேண்டும். சுத்தம் செய்யக் கழற்றிவிட்டுத் திருப்பிப் போட்டால் ஒளி வளையும் விதமே மாறிவிடும். கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மிச்சம் இருப்பவை: கட்டம் கட்டமான அலுமினியத் தடுப்பு கொண்ட லூவர், ஸ்பாட்லைட்டில் செருகும் தேன்கூடு வடிவத் தடுப்பு, துணி அல்லது உலோகத்தால் ஆன ஷேட். இவை எல்லாம் ஒளியை மென்மையாக்குவதில்லை. குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் விளக்கே கண்ணில் படாமல் மறைத்துவிடும்.

பிளாஸ்டிக்கா, கண்ணாடியா?

அக்ரிலிக் ஒளியை நன்றாக விடும். தெளிவான அக்ரிலிக் தன் மீது விழும் ஒளியில் சுமார் 92 சதவீதத்தைக் கடத்தும். மஞ்சளாவதும் குறைவு. ஆனால் அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் சுத்தியல் பட்டாலும் சட்டென்று உடையாது. கொஞ்சம் குறைவாக ஒளியைக் கடத்தும். குழந்தைகள் பந்து விளையாடும் இடம், படிக்கட்டு, பார்க்கிங் ஆகியவற்றுக்கு இது சரி. மலிவான பாலிஸ்டைரீன் கவர்கள் சில வருடங்களில் பழுப்பேறிவிடும். பல வீடுகளில் 'லைட் டல் ஆகிடுச்சு' என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பழுப்பேறியது கவராக இருக்கும்.

பால் கண்ணாடி குளோப் எல்லாவற்றையும்விட அழகு, நிறமும் மாறாது. எடை அதிகம், கை தவறினால் போச்சு.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பே யோசித்தவர்கள்

கவர் என்பது பல்பு விலையோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர்கள் உண்டு. பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்த்ரே ப்ளோந்தெல், கிரேக்கப் பொறியாளர் ஸ்பிரிடியோன் சாருடாகியுடன் சேர்ந்து 1893-ல் பாரிஸில் ஒரு கண்ணாடிக் கவருக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடி முழுக்க வரிவரியாகப் பட்டகங்கள். ஒளியை வீணாக்காமல் வேண்டிய திசைக்குத் திருப்புவதும், கண்ணாடி முழுவதும் சீராக ஒளிர்வதும்தான் நோக்கம். ஹோலோஃபேன் என்று பெயர். இன்றைய பிரிஸ்மாட்டிக் தகட்டின் மூதாதை அதுதான்.

டென்மார்க்கில் பால் ஹென்னிங்சன் வேறு வழியில் போனார். அவருடைய புகார் ரொம்ப எளிமையானது. மின்விளக்கு வந்த பிறகு வீடுகளில் வெளிச்சம் கூடிவிட்டது, ஆனால் கண்ணுக்கு இதமான வெளிச்சம் போய்விட்டது. 1920-களின் நடுவிலிருந்து அவர் வடிவமைத்த விளக்குகளில் தட்டு தட்டாகப் பல ஷேடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் பல்பு எந்தப் பக்கத்திலிருந்தும் நேராகத் தெரியாதபடி ஒவ்வொரு ஷேடின் வளைவையும் கணக்குப் போட்டு வைத்தார். ஒளி ஷேடில் பட்டுத் திரும்பித்தான் வெளியே வரும். 1958-ல் வந்த அவருடைய பிஹெச்5 விளக்கு இன்றும் விற்பனையில் இருக்கிறது. பெரிய ஷேடின் விட்டம் 50 சென்டிமீட்டர் என்பதால் அந்தப் பெயர். கவனிக்க வேண்டியது, அதில் பல்பை மறைப்பது உலோக ஷேடுகள்தான்.

'யூஜிஆர் 19' என்றால் என்ன?

ஆபீஸ் பேனல் லைட் பெட்டிகளில் 'யூஜிஆர் 19-க்குக் கீழ்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஒரு அறையில் இருப்பவருக்கு லைட்டுகளால் எவ்வளவு கூச்சம் வரும் என்பதைக் கணக்கிடும் எண் இது. வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச ஒளியியல் ஆணையம் 1995-ல் இதை வெளியிட்டது. எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வரைபட வேலை நடக்கும் இடத்துக்கு 16, படிப்பு, எழுத்து, கம்ப்யூட்டர் வேலைக்கு 19, சாதாரணத் தொழிற்கூடங்களுக்கு 22, 25 என 3 எண்கள் இடைவெளியில் படிகள் போகும்.

இந்தக் கணக்கில் சாமானியருக்குப் பயன்படும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஒரு லைட்டின் கவரை அதே வெளிச்சத்தோடு இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எண் 2.4 குறையும், கிட்டத்தட்ட ஒரு படி. அதற்குப் பதிலாகப் பல்பின் வாட்ஸைப் பாதியாக்கினால்? லைட்டின் பிரகாசம் குறையும், ஆனால் அறையும் சேர்ந்து இருண்டுவிடும். இருட்டுப் பின்னணியில் எந்த லைட்டும் கூடுதலாகக் கூசும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் கிடைப்பது அதே 2.4தான். அதாவது பாதி வெளிச்சத்தைத் தியாகம் செய்து கிடைக்கும் நிம்மதி, கவரைப் பெரிதாக்கினால் வெளிச்சம் குறையாமலே கிடைக்கும். வாட்ஸ் குறைப்பது ஏன் பாதித் தீர்வு என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் பெட்டியில் 19 என்று இருப்பதாலேயே உங்கள் அறையில் 19 வந்துவிடாது. அது லைட்டின் தனிப்பட்ட குணம் அல்ல. அறையின் அளவு, சுவர் நிறம், லைட்டுகளின் இடைவெளி, நீங்கள் உட்காரும் இடம் எல்லாம் சேர்ந்தது. கம்பெனி ஒரு மாதிரி அறையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கும், அந்த அறையின் கூரையும் சுவரும் வெளிர் நிறத்தில் இருக்கும். அடர் நீலமோ காபி நிறமோ அடித்த சுவரில் அதே லைட் அதிகமாகக் கூசும். கூரைக்கு வெள்ளை அடிப்பதும் கூச்சத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, யாரும் அதை லைட் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஃபால்ஸ் சீலிங் வீடுகளில் நடப்பது

புது ஃபிளாட்டுகளில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, டவுன்லைட்டும் சிஓபி ஸ்பாட்லைட்டும் பத்துப் பதினைந்து வைத்துவிடுகிறார்கள். சிஓபி என்பது பல சிப்புகளை ஒரே சின்ன வட்டத்தில் நெருக்கி வைத்தது. சுவர்ப் படத்தையோ சாமி மாடத்தையோ தனியாகக் காட்ட அருமையான லைட். அதை சோபாவுக்கு மேலே, கட்டிலுக்கு மேலே வைப்பதுதான் தப்பு.

ஏற்கெனவே வைத்துவிட்டால் என்ன செய்வது? ஓட்டை போட்டாச்சு, சீலிங்கைப் பிரிக்க முடியாது. அதே ஓட்டை அளவில், பல்பு இரண்டு மூன்று இன்ச் உள்ளே தள்ளி அமைந்த 'டீப்' ஃபிட்டிங்குகள் கிடைக்கின்றன. உள்வளையம் கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. நேர் கீழே போய் நிமிர்ந்து பார்த்தால்தான் பல்பு தெரியும். கட்டிலுக்கு மேல் இருப்பவற்றுக்கு இது உதவாது, ஏனென்றால் படுத்திருப்பவர் நிமிர்ந்துதானே பார்க்கிறார். அங்கே ஓப்பல் கவர் உள்ள அகலமான பேனல் மாட்டுங்கள், இல்லையென்றால் அந்த லைட்டுக்குத் தனி சுவிட்ச் வைத்து அணைத்துவிடுங்கள்.

படுத்தே இருப்பவர்கள் விஷயத்தில் வீட்டில் கவனம் குறைவு. பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவர், தொட்டில் குழந்தை. இவர்களால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவோ எழுந்து போகவோ முடியாது. நிற்பவருக்கு வெறும் கூரை லைட், அவர்களுக்கு அது முகத்துக்கு நேரே இருக்கும் டார்ச். அந்த அறைக்குச் சுவரோர லைட், ஷேட் போட்ட டேபிள் லேம்ப், அல்லது ஒளியைக் கூரையில் அடித்துத் திருப்பும் கோவ் லைட்தான் ஏற்றது.

வயதானவர்களுக்கு ஏன் அதிகம் கூசுகிறது?

வயது ஏற ஏற கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, கலங்கத் தொடங்கும். கண்மணியும் சுருங்கும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதுக்காரருக்குப் போவதில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச்சேரும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவே அவர்களுக்கு வெளிச்சம் அதிகம் தேவை. அதே சமயம் கலங்கிய லென்ஸில் ஒளி சிதறுவதால் கூச்சமும் அதிகம். கண்புரை தொடங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

"லைட்டைப் போடு, இருட்டா இருக்கு" என்பதும், போட்டவுடன் "அணை, கூசுது" என்பதும் ஒரே ஆள் சொல்வது முரண்பாடு அல்ல. இரண்டும் உண்மை. பெரிய ஓப்பல் கவர் போட்ட, வெளிச்சம் குறையாத லைட்தான் அவர்களுக்குத் தேவை. குறிப்பாகப் படிக்கட்டிலும் பாத்ரூம் வாசலிலும். படி இறங்கும்போது எதிரே கவர் இல்லாத பல்பு எரிந்தால் அடுத்த படி எங்கே முடிகிறது என்பது மறைந்துவிடும். அந்த ஒரு நொடியில்தான் கால் தவறும். திடீரென்று கூச்சம் கூடினால், லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்தால், கவரை மாற்றிக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

வீட்டு லைட்டால் கண்ணே கெட்டுப்போகுமா என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. சாதாரண வீட்டு உபயோக எல்இடியில் வரும் கூச்சம் களைப்பையும் தலைவலியையும் தரும், பார்வையைப் பறிக்காது. அதற்காகச் சிப்பை முறைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

படிக்கிற மேஜைக்கு ஒரு கண்ணாடி டெஸ்ட்

பிள்ளைகள் படிக்கும் மேஜையில் கூச்சம் மேலேயிருந்து வராது, கீழேயிருந்து வரும். வழவழப்பான பாடப்புத்தகத் தாளிலும் லேப்டாப் திரையிலும் லைட் பிரதிபலித்து, அந்த இடத்தில் எழுத்தே வெளுத்துப்போகும். பிள்ளை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கிறதா? இதையும் ஒரு காரணமாக யோசியுங்கள்.

முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை புத்தகம் வைக்கும் இடத்தில் தட்டையாக வையுங்கள். பிள்ளை உட்காரும் உயரத்திலிருந்து பாருங்கள். கண்ணாடிக்குள் லைட் தெரிந்தால், புத்தகத்திலும் அது தெரிகிறது என்று அர்த்தம். லைட்டை மாற்றுவதைவிட மேஜையை ஒன்றரை அடி நகர்த்துவது சுலபம். லேப்டாப்புக்கும் இதே முறை, அணைத்த கறுப்புத் திரையே கண்ணாடி.

காகிதம் ஒட்டினால் என்ன?

'சும்மா ஒரு பட்டர் பேப்பர் ஒட்டினா போதும்' என்று வரும் வீடியோக்கள் ஏராளம். வேண்டாம். எல்இடி தொட்டால் சுடாது என்பது பாதி உண்மைதான். ஒளி வரும் பக்கம் சூடு குறைவு, பின்பக்கத்திலும் டிரைவர் இருக்கும் இடத்திலும் சூடு உண்டு. அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். காகிதம், துணி, தெர்மாகோல் கொண்டு மூடினால் காற்றோட்டம் அடைபட்டு லைட்டின் ஆயுள் குறையும். டிரைவரில் பழுது வந்தால் எரியக்கூடிய பொருள் பக்கத்திலேயே இருக்கும். ஹாலஜன் பல்பு என்றால் பேச்சே இல்லை, நேராகத் தீதான்.

கண்ணாடி குளோபுக்குள் எல்இடி பல்பு போடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பல்புகளின் பெட்டியிலேயே 'மூடிய ஃபிட்டிங்கில் பயன்படுத்த வேண்டாம்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதை மீறினால் பல்பு சீக்கிரம் போகும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் செலவு குறைந்த வழி, ஹோல்டரில் மாட்டும் கிளியர் பல்புக்குப் பதிலாகப் பெரிய வட்டத் தலை கொண்ட பால் வெள்ளை பல்பு. கவர் தனியாகத் தேவையில்லை, காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

ஈசல் சீசனும் சோப்புத் தண்ணீரும்

மழை விட்ட மாலையில் ஈசல் வந்தால் மறுநாள் காலையில் லைட் கவருக்குள் ஒரு கைப்பிடி கிடக்கும். அதையும் தூசியையும் அப்படியே விட்டால் ஓப்பல் கவர் இன்னும் அதிக ஒளியை விழுங்கும். "வெளிச்சம் பத்தலை" என்று கூடுதல் வாட்ஸ் போடுவோம், ஓரங்களில் மட்டும் பளிச்சென்று அடிக்கும்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். அக்ரிலிக்கை ஸ்பிரிட்டோ சானிடைசரோ போட்டுத் துடைத்தால் நுண்ணிய விரிசல் விழும். பாலிகார்பனேட்டுக்கு அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஆகாது. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாலும் கீறல் விழும், போதாததற்கு நிலைமின்சாரம் ஏறித் தூசியை முன்னைவிட வேகமாக இழுக்கும்.

கடையில் என்ன கேட்கலாம்?

லைட்டை எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நேர் கீழே நின்று பார்ப்பதோடு விடாமல், ஐந்தாறு அடி தள்ளி நின்று சாய்வாகப் பாருங்கள், வீட்டில் நாம் பார்ப்பது அந்தக் கோணத்தில்தான். புள்ளிகள் தெரிகிறதா? கவரின் ஓரத்திலும் நடுவிலும் பிரகாசம் ஒன்றாக இருக்கிறதா? ஒரே லூமெனில் இரண்டு லைட் இருந்தால் அகலமானதை எடுங்கள். கவர் மட்டும் தனியாக மாற்றக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பல பேனல்களில் கவர் நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கும், பழுப்பேறினால் முழு லைட்டையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. அதே பிரகாசத்தில், நீலம் கலந்த 6500 கெல்வின் வெள்ளை பலருக்கு 3000 கெல்வின் மஞ்சளைவிடக் கூடுதலாகத் தொந்தரவு தரும். அதனால் நிறம் மாற்றுவதில் பலன் இல்லாமல் இல்லை. ஆனால் கவர் இல்லாத மஞ்சள் எல்இடியும் கூசத்தான் செய்யும், மஞ்சளாகக் கூசும். முதலில் கவரை முடிவு செய்துவிட்டு, பிறகு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.